இதயத்தின் படலை

சாவகச்சேரிச் சந்தை விடியுமுன்னே விழித்துக்கொள்வது. தென்மராட்சியின் பலாவும் மாவும் வாழையும் முருங்கையும் நாற்றிசையினின்றும் வந்து அங்கே குவியும். அத்தகைய ஒரு காலைப்பொழுதில், பலாப்பழங்களை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்த முதியவர் ஒருவர் திடீரென நினைவிழந்து வீழ்கின்றார் என்று கற்பனை செய்துகொள்க. அவர் முகம் வெளிறுகின்றது. கைகால்கள் இரண்டொரு முறை இழுக்கின்றன. அரை நிமிடம் கழிவதற்குள் முகம் சிவக்கக் கண் விழிக்கின்றார். “ஒன்றுமில்லை, தலை சுற்றியது” என்று கூறி எழுந்து அமர்கின்றார். சூழ நின்றோருள் ஒருவர் வலிப்பு என்கின்றார். மற்றொருவர் வெறுவயிற்றின் களைப்பு என்கின்றார். வேறொருவர், வயது போனால் இப்படித்தான் என்கின்றார். சோடா ஒன்று வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர். ஆயினும், கூடி நின்ற அத்தனை பேருள் அவர் கையைப் பற்றி நாடியை எண்ணிப் பார்த்தவர் ஒருவருமில்லை. எண்ணியிருப்பின், அது நிமிடத்துக்கு முப்பது முறை மட்டுமே துடிப்பதைக் கண்டு திடுக்கிட்டிருப்பர்.

இம்முதியவருக்கு வந்திருப்பது இதயத் தடை என்னும் நோய். இந்தப் பெயரிலேயே ஒரு மயக்கம் உண்டு. ‘இதயத்தில் அடைப்பு’ என்று பேச்சு வழக்கிலே கூறப்படுவது பெரும்பாலும் இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் கொழுப்புப் படிந்து ஏற்படும் அடைப்பையே குறிக்கும். மாரடைப்புக்குக் காரணமாவது அதுவே. இங்கே கூறப்படும் இதயத் தடையோ குருதி ஓட்டத்தில் ஏற்படும் தடையன்று. இதயத்துள்ளே ஓடும் மின்னோட்டத்தில் ஏற்படும் தடை. முன்னையது நீர்க்குழாய் அடைபடுவதை ஒக்கும். பின்னையது மின்கம்பி பழுதுபடுவதை ஒக்கும். நீர்க்குழாயைத் திருத்துபவரை அழைத்து மின்கம்பியைக் காட்டுதல் எவ்வாறு பயனற்றதோ, அவ்வாறே இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதலும் பயனற்றது. “எனக்கு அடைப்பு என்று வைத்தியர் சொன்னார்” எனக் கூறுவோர், அது எந்த அடைப்பு என்பதையும் கேட்டறிந்துகொள்ளுதல் நலம்.

தமிழிலே இம்மயக்கம் நேர்ந்தமைக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் காட்டலாம். 1847ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் நெடுங்காலம் தங்கி, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்கள் பலவற்றைத் தமிழில் ஆக்கினார். உடலுறுப்புகளுக்கும் நோய்களுக்கும் தமிழ்ச் சொற்களைத் தேடித் தொகுத்தார். அவர் 1884ஆம் ஆண்டிலே மறைந்தார். இதயத்தின் மேற்பாகத்தையும் கீழ்ப்பாகத்தையும் இணைக்கும் மின்வழியினை வில்ஹெல்ம் ஹிஸ் என்பவர் விளக்கியது 1893ஆம் ஆண்டிலேதான். அவ்வழியின் வாயிலில் அமைந்துள்ள கணுவினை ஜப்பானியராகிய சுனாவோ தவாரா கண்டு எழுதியது 1906ஆம் ஆண்டிலே. ஆகவே, கிறீன் தமிழிலே பெயரிட்ட பொருள்களுள் இம்மின்வழி இடம்பெற வாய்ப்பில்லை. அவர் காலத்தில் அது அறியப்படாத பொருள்.

அம்மின்வழி யாது? இதயம் நான்கு அறைகளை உடையது என்பது பள்ளி மாணவரும் அறிந்ததே. மேலே உள்ள இரண்டும் சோணையறைகள். கீழே உள்ள இரண்டும் இதயவறைகள். எளிமைக்காக அவற்றை மேலறை, கீழறை எனலாம். வலப்புற மேலறையின் மேற்பகுதியில் ஒரு சிறு கணு உண்டு. நிமிடத்துக்கு அறுபது முதல் நூறு முறை வரை அது மின்துடிப்பை எழுப்புகின்றது. அத்துடிப்பு மேலறைகளைச் சுருங்கச் செய்து, பின்னர்க் கீழறைகளை நோக்கிச் செல்லும். மேலுக்கும் கீழுக்கும் இடையே மின்சாரம் கடத்தாத நார்த்திசுவாலாகிய வேலி ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்து வளவுக்கு வேலியும் அவ்வேலியில் ஒரு படலையும் இருப்பது போல, இந்த வேலியிலும் ஒரேயொரு படலை உண்டு. அதுவே தவாரா கண்ட நடுக்கணு. படலையைக் கடந்த செய்தி, ஹிஸ் விளக்கிய நரம்பு போன்ற தசைக்கற்றையினூடாக இறங்கி, வலம் இடம் என இரு கிளைகளாகப் பிரிந்து கீழறைகளை அடைகின்றது. கீழறைகள் சுருங்கும்பொழுதே கைமணிக்கட்டிலே நாடி தட்டுகின்றது.

படலை காப்போன் ஒவ்வொரு செய்தியையும் சற்றே நிறுத்தி அனுப்புதல் இயற்கை. மேலறையினின்று இறங்கும் இரத்தம் கீழறையை நிரப்புவதற்கு அச்சிறு தாமதம் வேண்டும். மேலறையில் மின்னலை தோன்றுவதற்கும் கீழறைக்குச் செய்தி எட்டுவதற்கும் இடைப்பட்ட காலம் ஒரு செக்கனின் ஐந்தில் ஒரு பங்கைக் கடவாதிருத்தல் வேண்டும். இவ்வெல்லை கடக்கும்போதும், செய்திகள் இடையே தொலையும்போதும், முற்றாகவே நின்றுபோகும்போதும் இதயத் தடை உண்டாகின்றது. இம்மூன்றுமே நோயின் மூன்று படிகள்.

முதற்படித் தடையில் செய்தி எதுவும் தொலைவதில்லை. ஒவ்வொன்றும் சற்றுத் தாமதித்தே வருகின்றது. நாடியிலே வேறுபாடு தோன்றாது. நோயாளிக்கும் பெரும்பாலும் எவ்வித உணர்வும் இராது. ஈ.சி.ஜி. என யாவரும் வழங்கும் இதய மின்வரைபை வேறொரு காரணத்துக்காக எடுக்கும்போதே இது தற்செயலாக வெளிப்படும். பெரும்பாலாருக்கு இதற்கு மருந்து வேண்டுவதில்லை. அவர் உட்கொண்டுவரும் மருந்துகளுள் இதயத்தை மந்தப்படுத்துவன உளவா என்று வைத்தியர் ஆராய்வர். இடையிடையே மீண்டும் வரைபு எடுத்துப் பார்ப்பர்.

இரண்டாம் படித் தடையிலே சில செய்திகள் படலையைக் கடக்கமாட்டாமல் தொலைந்துபோகும். இப்படியில் இரு வகைகள் உள. அவற்றை வேறு பிரித்து அறிதலே இந்நோய் பற்றிய அறிவின் நடுநாயகம் எனலாம்.

முதல் வகையிலே, காவலன் களைத்துக்கொண்டே போகின்றான். முதலாவது செய்தி சிறிது தாமதிக்கும்; இரண்டாவது அதனினும் தாமதிக்கும்; மூன்றாவது பின்னும் தாமதிக்கும்; அடுத்தது கடவாது நின்றுவிடும். அந்த ஓய்வினால் காவலன் களை தீர்ந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குவான். ஒல்லாந்து நாட்டு வைத்தியர் காரெல் வெங்கபாக் இதனை 1899ஆம் ஆண்டிலே விவரித்தார். மின்வரைபுக் கருவி வழக்கில் வராத காலம் அது. நாடித்துடிப்பின் பதிவுகளையும் அவற்றின் இடைவெளிகளையும் நுணுகி அளந்தே அவர் இவ்வொழுங்கைக் கண்டுபிடித்தார். நாடி பார்த்து நோயறியும் மரபை உடைய சித்த வைத்தியம் கற்பிக்கப்படும் கைதடிக்கு அயலிலே வாழும் மக்களுக்கு இச்செய்தி வியப்பைத் தராது, பெருமிதத்தையே தரும். இவ்வகைத் தடை பெரும்பாலும் நடுக்கணுவிலேயே நிகழ்வது. உடற்பயிற்சி மிக்க இளைஞரிடத்தும் உறங்குவோரிடத்தும் இது தோன்றி மறைவதுண்டு. மயக்கமோ தளர்ச்சியோ இல்லையாயின் அஞ்ச வேண்டுவதில்லை.

இரண்டாம் வகை இதனின் முற்றும் வேறுபட்டது. இங்கே தாமதம் வளர்வதில்லை. செய்திகள் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். முன்னறிவிப்பின்றி ஒன்று அறவே தொலைந்துபோகும். ஜேர்மனிய வைத்தியர் வொல்டெமார் மோபிட்ஸ் 1924ஆம் ஆண்டிலே இவ்விரண்டையும் வேறாக வகுத்தமையால் அவை இன்றும் அவர் பெயராலே வழங்குகின்றன. இவ்வகையில் பழுதுற்றிருப்பது படலையன்று; படலைக்கு அப்பாலுள்ள பாதை. ஒரு துடிப்புத்தானே தப்பியது என்று இதனை இகழலாகாது. எவ்வேளையிலும் இது முழுத் தடையாக மாறக்கூடும். ஆதலால், நோயாளி நலமாயிருப்பதாகக் கூறினும், மீளத் திருத்தக்கூடிய காரணம் இல்லையெனக் கண்டால், செயற்கை இதயமுடுக்கியைப் பொருத்துமாறு வைத்தியர் அறிவுறுத்துவர். முதல் வகையில் பொறுத்திருக்கலாம். இரண்டாம் வகையில் பொறுத்திருத்தல் ஆபத்து. மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இரண்டும் ‘துடிப்பு ஒன்று தப்புதல்’ என்ற அளவிலே ஒன்றாகவே தோன்றும். வேறுபாட்டை மின்வரைபே காட்டும்.

மூன்றாம் படி முழுத் தடை. படலை அடைபட்டே போகின்றது. மேலறைகள் தம் போக்கிலே துடிக்கின்றன. கீழறைகள் செய்தி வாராமையால், இயற்கை ஈந்த சேமக்காவலாக, தாமே ஒரு மந்தமான துடிப்பை எழுப்பிக்கொள்கின்றன. கோயில் வீதியிலே இரு தவில்கள், ஒன்றன் தாளத்தை மற்றொன்று கேளாமல், தத்தம் காலத்திலே முழங்குவதை இது நிகர்க்கும். சேமத்துடிப்பு நடுக்கணுவின் அருகிலே எழுமாயின் நிமிடத்துக்கு நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் இருக்கும். மிகக் கீழே எழுமாயின் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையிலே தாழ்ந்துவிடும். அத்துடிப்பும் சில கணங்கள் நின்றுபோனால் மூளைக்கு இரத்தம் எட்டாது, ஆள் வீழ்வார். டப்ளின் நகரத்து வைத்தியர்களாகிய றொபேட் அடம்ஸ் 1827ஆம் ஆண்டிலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1846ஆம் ஆண்டிலும் விவரித்த மயக்கம் இதுவே. சந்தையிலே வீழ்ந்த முதியவருடையதும் இதுவே. கைகால் இழுத்தமையால் வலிப்பு எனக் கருதப்பட்டது. வலிப்பில் வீழ்ந்தவர் விழித்த பின்னும் நெடுநேரம் குழம்பியிருப்பார். இவரோ முகம் சிவந்து உடனே தெளிந்தார். அத்தெளிவே பலரை ஏமாற்றுகின்றது.

இவை அன்றி, படலையைக் கடந்த பின்னர் வலக்கிளையிலோ இடக்கிளையிலோ மட்டும் தடை ஏற்படுவதும் உண்டு. வலக்கிளைத் தடை நலமான இதயமுடையாரிடத்தும் காணப்படும். இடக்கிளைத் தடை காணப்பட்டால் இதயத்தில் வேறு நோய் உளதா என்று ஆராய்தல் முறை.

தடையின் படியை அறிந்த பின்னர், அதன் காரணத்தை அறிய வேண்டும். காரணம் நீங்கக்கூடியதாயின் தடையும் நீங்கும். நீங்காததாயின் கருவியின் துணை வேண்டும். முதுமையில் மின்வழி நாராக இறுகுதல் நீங்காத காரணம். தாயின் குருதியிலுள்ள சில எதிர்ப்பொருள்கள் கருவிலேயே சிசுவின் மின்வழியைச் சிதைப்பதுமுண்டு, அதுவும் நீங்காதது. மாரடைப்பினால் வரும் தடை இருதிறத்தது. இதயத்தின் கீழ்ச்சுவர் தாக்குண்டபோது வரும் தடை பெரும்பாலும் சில நாள்களிலே நீங்கிவிடும். முன்சுவர் தாக்குண்டு வரும் தடை பெருஞ்சேதத்தின் அறிகுறி. குருதி அமுக்கத்துக்கும் இதயநோய்க்கும் கொடுக்கப்படும் சில மருந்துகள், குருதியிலே பொற்றாசியம் மிகுதல், தைரொயிட் சுரப்புக் குன்றுதல் ஆகியன நீங்கும் காரணங்கள்.

நீங்கும் காரணங்களுள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மிக நெருங்கிய ஒன்று உண்டு. அது வேலியோரங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் பொன்னிறப் பூச்சொரிந்து நிற்கும் மஞ்சள் அலரி. அமெரிக்கக் கண்டத்தினின்று வந்து ஈழத்து மண்ணிலே வேரூன்றிய இம்மரத்தின் எல்லாப் பாகங்களிலும், விதையிலே மிகுதியாகவும், இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. 1980களிலிருந்து யாழ்ப்பாணத்து வைத்தியர்கள் இந்நஞ்சினால் வாடியோரைப் பெருந்தொகையாகக் காண நேர்ந்தது. தாம் கண்டவற்றை அவர்கள் உலக வைத்திய ஏடுகளிலும் எழுதினர். அறியாது வாயிலிட்ட சிறுவரும் அவருள் இருந்தனர். மனம் நொந்த இளையோர் பலரும் இருந்தனர். அந்நஞ்சு செய்வது இங்கே விவரித்த அதே வேலைதான்: நடுக்கணுவை மந்தப்படுத்தி, முதற்படியினின்று முழுத் தடை வரையும் எதையும் உண்டாக்கக்கூடும்.

இங்கே ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய உண்மைகள் இரண்டு. ஒன்று, வாந்தி நின்று ஆள் தெளிவாக இருப்பதைக் கண்டு, ஆபத்து நீங்கிற்று என்று எண்ணலாகாது. தடை பல மணிநேரம் கழித்தும் தோன்றும். ஆகவே வீட்டு வைத்தியத்தில் காலம் போக்காது உடனே வைத்தியசாலை சேர்த்து, மின்வரைபின் கண்காணிப்பிலே வைத்தல் வேண்டும். மற்றொன்று, இத்தடை நீங்கக்கூடியது. நஞ்சு உடலை விட்டு அகலும் வரை இதயத்தைத் தாங்கிக்கொண்டால் அது பழைய நிலைக்குத் திரும்பும். அற்றோப்பின் என்னும் மருந்தும், நாளத்தின் வழியே இதயத்துள் நுழைக்கப்படும் தற்காலிக முடுக்கிக் கம்பியும் அதற்கு உதவுவன. அந்நஞ்சைப் பற்றிச் செயலறச் செய்யும் எதிர்ப்பொருள் மருந்தொன்று விரைந்து பயன் தருவதைக் கொழும்பில் நடந்து 2000ஆம் ஆண்டிலே வெளியான ஆய்வு மெய்ப்பித்தது. அம்மருந்தின் விலை மிகுதியே அதற்குள்ள குறை. இவ்வாறு மீண்டு எழுந்த பிள்ளையை ஏசுதலும் ஊர்ப்பேச்சுக்கு ஆளாக்குதலும் தகா. இதயத்தின் தடை நீங்கிய பின் மனத்தின் தடையை நீக்குதல் பெற்றோர், ஆசிரியர், அயலார் யாவருக்கும் உரிய கடன். மனம் உடைந்திருப்போர் பேசுவதற்கு 1926 என்னும் தேசிய உளநல உதவி இலக்கம் உண்டு.

நீங்காத தடைக்குரிய சிகிச்சை, பேஸ்மேக்கர் எனப்படும் நிரந்தர இதயமுடுக்கி. 1958ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் நாள் சுவீடனின் தலைநகரிலே ஓகே சென்னிங் என்னும் சத்திரவைத்தியர், றூனே எல்ம்குவிஸ்ட் என்னும் பொறியியலார் ஆக்கிய கருவியை ஆர்ணே லார்சன் என்பவரின் உடலிலே முதன்முதலாகப் பொருத்தினர். முழுத் தடையினால் நாளும் பன்முறை மயங்கி வீழ்ந்துகொண்டிருந்தவர் அவர். முதற்கருவி சில மணிநேரமே உழைத்தது. ஆயினும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீர்திருந்தின. லார்சன் தம் வாழ்நாளில் இருபத்தாறு கருவிகளை மாற்றி, அறுவைசெய்த சென்னிங்குக்கும் ஆக்கித் தந்த எல்ம்குவிஸ்ட்டுக்கும் பின்னரும் வாழ்ந்து, 2001ஆம் ஆண்டிலே தமது 86ஆவது வயதில் வேறொரு நோயினால் மறைந்தார்.

இன்றைய கருவி ஒரு தீப்பெட்டியினும் தட்டையானது. காறை எலும்பின் கீழே, அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து, தோலின் அடியிலே அதனை வைப்பர். அதனின்று புறப்படும் மெல்லிய கம்பிகள் நாளத்தின் வழியே இதயத்தை அடையும். இதயம் தானே துடிக்கும்பொழுது கருவி வாளாவிருக்கும். துடிப்புத் தாமதிக்கும்பொழுது சிறு மின்துடிப்பை ஈந்து உதவும். அதன் மின்கலம் பல ஆண்டுகள் உழைக்கும். கருவி பொருத்தியவர் நடக்கலாம், சமைக்கலாம், தோட்டம் பார்க்கலாம். கைத்தொலைபேசியை அதன் மேலுள்ள சட்டைப்பையில் வையாதிருத்தலும், உலோகங்களை ஒட்டும் மின்வேலைக்குப் போகுமுன் வைத்தியரைக் கேட்டலும், கருவியின் அட்டையை எங்கும் உடன் கொண்டுசெல்லுதலும், குறித்த நாளிலே பரிசோதனைக்குச் செல்லுதலும் போதியன.

தடையின் வகையைத் தீர்மானித்தல் வைத்தியர் வேலை. நாடியை எண்ணுதல் எவர்க்கும் கைவருவது. பெருவிரலின் அடியிலே, மணிக்கட்டின் ஓரத்தில் மூன்று விரல்களை மெல்ல வைத்து, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுக. உடல் உழைப்பாளர்க்கு அறுபதினும் சற்றுக் குறைந்திருப்பது வழக்கமே. ஆனால் ஐம்பதினும் தாழ்ந்து தலைசுற்றலோ மூச்சிரைப்போ மயக்கமோ இருப்பின், அல்லது நாற்பதினும் தாழ்ந்து இருப்பின், அன்றே வைத்தியசாலை செல்க. வரைபு எடுக்கும்போது தடை மறைந்திருத்தலும் கூடுமாதலின், ஒரு நாள் முழுவதும் உடலில் அணிந்திருக்கும் பதிகருவியை வைத்தியர் பரிந்துரைப்பர். மயங்கி வீழ்ந்தவரைத் தூக்கி இருத்தாது, படுக்கவைத்து நாடியையும் மூச்சையும் பார்க்க வேண்டும். வாயில் எதையும் ஊற்றலாகாது. மூச்சு நின்றிருப்பின் மார்பின் நடுவிலே இரு கைகளாலும் விரைந்து, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை வரை அழுத்திக்கொண்டே, 1990 என்னும் இலக்கத்தில் இலவச அம்புலன்சை அழைக்க வேண்டும். 2018ஆம் ஆண்டிலிருந்து வடமாகாணத்துக்கும் அச்சேவை உண்டு.

சந்தையிலே வீழ்ந்த அம்முதியவரை மறுபடியும் நினைத்துப் பார்க்க. கூடி நின்றோருள் ஒருவர் அவர் நாடியைத் தொட்டு, முப்பது என்று எண்ணி, அம்புலன்சை அழைத்திருந்தால், சில நிமிடங்களிலே சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையில் மின்வரைபு எடுக்கப்பட்டிருக்கும். முழுத் தடை என்பது தெரிந்திருக்கும். ஏறக்குறைய பத்து மைல் மேற்கேயுள்ள யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அவர் சென்றிருப்பார். சோடாவோடு வீட்டுக்குப் போனவர் அடுத்த மயக்கத்தில் விழிக்காது போகலாம். நாடி எண்ணப்பட்டவர் அடுத்த பலாப்பருவத்திலும் சந்தைக்கு வரலாம். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு, மணிக்கூட்டைப் பார்த்து எண்ணும் ஒரு நிமிடமே.